டிப்ரஷனுக்கு இன்ஃப்ளமேஷன் டெஸ்ட்: சிஆர்பியா, சைட்டோகைன் பேனலா, இல்ல எதுவுமே வேண்டாமா?

டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிட்டு டோஸ் ஏத்தி இறக்கி அலுத்துப் போனவங்களும் அவங்க வீட்ல இருக்கிறவங்களும் இப்ப அடிக்கடி ஒரு கேள்வி கேக்குறாங்க. உடம்புல இருக்கிற இன்ஃப்ளமேஷன், அதாவது அழற்சிதான் டிப்ரஷனுக்குக் காரணம்னு எங்கயோ படிச்சோம், அதுக்கு ரத்தத்துலயே டெஸ்ட் இருக்காமே, எடுத்துப் பாத்துடலாமா, எடுக்கிறதா இருந்தா எதை எடுக்கிறதுன்னு. சிலர் இன்னும் ஒரு படி மேல போய், தற்கொலை எண்ணம் இருக்கா இல்லையான்னு கூட ரத்தத்துல தெரிஞ்சிடுமாமேன்னு கேக்குறாங்க.

நான் நினைக்கிறதை முதல்லயே சொல்லிடறேன். இதுல ரெண்டு தனித்தனி முடிவு இருக்கு. அடுத்து எந்த மருந்துக்கு மாத்தலாம்கிறது ஒண்ணு, ஆள் இப்ப ஆபத்துல இருக்காராங்கிறது இன்னொண்ணு. முதல் கேள்விக்கு ரத்தத்துல சிஆர்பிங்கிற அழற்சிப் புரதத்தை நுணுக்கமா அளக்கிற ஹை சென்சிட்டிவிட்டி சிஆர்பின்னு ஒரே ஒரு டெஸ்ட் ஓரளவுக்கு உதவலாம், ரெண்டாவது கேள்விக்கு இப்போதைக்கு எந்த ரத்த டெஸ்ட்டும் உதவாது. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறதாலதான் காசு வீணாப் போகுது, சில நேரம் காசைவிடப் பெருசா ஒண்ணையும் இழக்க வேண்டி வருது.

சம்பந்தம் இருக்கிறது உண்மைதான், அதை முதல்ல ஒத்துக்கணும். காய்ச்சல் வந்தா நாம எப்படி இருக்கோம்? சாப்பாடு பிடிக்காது, யார் கூடயும் பேசத் தோணாது, எழுந்திரிக்கவே தெம்பு இருக்காது, எதுலயும் சந்தோஷம் இல்ல. கிருமியை எதிர்க்க உடம்பு விடுற சைட்டோகைன்கள்ங்கிற புரதங்கள் மூளையையும் தொடுறதாலதான் இது எல்லாம். இதுக்கு ஒரு நேரடி சாட்சியும் கிடைச்சுது. ஹெப்படைட்டிஸ் சி-க்கும் மெலனோமா கேன்சருக்கும் இன்டர்ஃபெரான் ஆல்ஃபாங்கிற சைட்டோகைனையே ஊசியா போட்ட காலத்துல, அதுவரைக்கும் மனசளவுல நல்லா இருந்தவங்கள்ல கணிசமான பேருக்கு சில வாரங்கள்லயே டிப்ரஷன் வந்துச்சு. 2001-ல மஸல்மேன் குழு வெளியிட்ட ஆய்வுல, 40 மெலனோமா நோயாளிகள்ல பாதிப் பேருக்கு ஊசி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பராக்ஸெடின்ங்கிற டிப்ரஷன் மாத்திரையைக் கொடுத்தாங்க. அவங்கள்ல 11 சதவீதம் பேருக்குத்தான் டிப்ரஷன் வந்துச்சு, டம்மி மாத்திரை சாப்பிட்ட பாதியில 45 சதவீதம் பேருக்கு வந்துச்சு. ஆக இன்ஃப்ளமேஷனை வெளியில இருந்து ஏத்தினா டிப்ரஷன் வரலாம், அதுல சந்தேகம் இல்ல.

ஆனா அதுக்காக எல்லா டிப்ரஷனும் இன்ஃப்ளமேஷனால வருதுன்னு ஆகிடாது. 2019-ல ஒசிமோ குழு பல ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பாத்தப்ப, டிப்ரஷன் இருக்கிறவங்கள்ல சுமார் 27 சதவீதம் பேருக்குத்தான் சிஆர்பி லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல இருந்துச்சு. அதாவது நாலுல ஒருத்தர். மீதி மூணு பேரும் டிப்ரஷன்ல கஷ்டப்பட்டுக்கிட்டுதான் இருக்காங்க, ரத்தத்துல ஒண்ணும் தெரியாது. இந்த நாலுல ஒண்ணுங்கிற கணக்கை மனசுல வச்சுக்கிட்டா மீதி எல்லாத்தையும் சரியா எடை போட முடியும்.

இப்ப ஆப்ஷன்களுக்கு வரேன், முதல்ல ஹை சென்சிட்டிவிட்டி சிஆர்பி. சிஆர்பிங்கிறது ஈரல் பண்ற ஒரு புரதம், இன்டர்லூக்கின்-6-ங்கிற சைட்டோகைன் ஏறும்போது ஈரல் இதை அதிகமா விடும். 1930-லயே நிமோனியா நோயாளிகளோட ரத்தத்துல கண்டுபிடிச்சது, அதனால அளக்கிற முறை நல்லா பழகினது, எந்த லேப்ல எடுத்தாலும் நம்பர் பெருசா மாறாது. ரத்தத்துல இதோட அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம், அதனால காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு பெருசா ஆடாது. ஒரு விஷயம் மட்டும் கவனமா இருக்கணும், காய்ச்சல் இன்ஃபெக்‌ஷனுக்கு எடுக்கிற சாதாரண சிஆர்பி டெஸ்ட் சின்ன அளவுகளைச் சரியா காட்டாது, நமக்கு 1-க்கும் 3-க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் தெரியணும், அதுக்கு ஹை சென்சிட்டிவிட்டின்னு சீட்டுல தெளிவா எழுதி வாங்கணும். 1-க்குக் கீழ கம்மி, 1 முதல் 3 நடுத்தரம், 3-க்கு மேல அதிகம், இது 2003-ல அமெரிக்காவுல இதய நோய் ரிஸ்க்குக்காக வகுத்த அளவு, மனநல ஆய்வுகளும் இதையே எடுத்துக்கிட்டாங்க. 10-க்கு மேல போனா அது பெரும்பாலும் உடம்புல வேற ஏதோ நடக்குதுன்னு அர்த்தம், ரெண்டு வாரம் கழிச்சு திரும்பவும் எடுக்கச் சொல்வாங்க.

இந்த "வேற ஏதோ"தான் இந்த டெஸ்ட்டோட பெரிய தலைவலி. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு ரிப்போர்ட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருந்தா, 6.8-னு போல்ட் எழுத்துல, பக்கத்துல ஹைன்னு போட்டு ஒரு அம்புக்குறி. பாருங்க என் மூளையில இன்ஃப்ளமேஷன் இருக்கு, இவ்வளவு நாளா யாரும் கண்டுபிடிக்கலன்னு ஒரே அழுகை, அழுகையில கொஞ்சம் நிம்மதியும் இருந்துச்சு, ஏன்னா தன் கஷ்டத்துக்கு ஒரு நம்பர் கிடைச்சிடுச்சு. பேசிக்கிட்டே இருக்கும்போது, கடைவாய்ப் பல் ஈறு வீங்கி ஒரு பக்கமா மென்னு சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்னு சொன்னா. பல் டாக்டர்கிட்ட போய் அதைச் சரி பண்ணிட்டு அப்புறம் எடுத்தப்ப 1.4. டிப்ரஷன் அப்படியேதான் இருந்துச்சு, ட்ரீட்மென்ட்டும் தேவையாத்தான் இருந்துச்சு, அந்த 6.8-க்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, அவ்வளவுதான். ஈறு வீக்கம் மட்டும் இல்ல, உடல் எடை, சிகரெட், கருத்தடை மாத்திரை, தூக்கம் கெடுறது, வயசு, சளி இருமல் வந்து போன மிச்சம், இது எல்லாமே சிஆர்பியை ஏத்தும். குறிப்பா எடை, கொழுப்புத் திசுவே இன்டர்லூக்கின்-6 விடும். கொலஸ்ட்ராலுக்குச் சாப்பிடுற ஸ்டாட்டின் மாத்திரை இதை இறக்கியும் விடும்.

இவ்வளவு குறை இருந்தும் நான் ஏன் இதை முதல் இடத்துல வைக்கிறேன்னா, நம்பரை வச்சு ஏதாவது முடிவு மாறலாம்னு காட்டுற ஆய்வு இதுக்குத்தான் இருக்கு. 2014-ல வந்த ஜென்டெப் ஆய்வோட அலசல்ல, சிஆர்பி 1-க்குக் கீழ இருந்தவங்களுக்கு எஸ்சிடலோப்ராம்ங்கிற டிப்ரஷன் மருந்து நல்லா வேலை செஞ்சுது, 1-க்கு மேல இருந்தவங்களுக்கு நார்ட்ரிப்டிலின்ங்கிற இன்னொரு வகை டிப்ரஷன் மருந்து மேலா இருந்துச்சு. 2017-ல கோ-மெட் ஆய்வை வச்சுப் பாத்தப்பவும் அதே மாதிரி, 1-க்குக் கீழ இருந்தவங்க எஸ்சிடலோப்ராம் மட்டும் சாப்பிட்டே அதிகமா குணமானாங்க, 1-க்கு மேல இருந்தவங்களுக்கு அதோட புப்ரோப்பியான்ங்கிற வேற டிப்ரஷன் மருந்தைச் சேர்த்தது கை கொடுத்துச்சு. அதுக்கும் முன்னாடி 2013-ல ரேய்சன் குழு, மருந்து கேக்காத டிப்ரஷன் இருந்த 60 பேரை வச்சு, மூட்டு வாதத்துக்குப் போடுற இன்ஃப்ளிக்சிமாப்பைப் போட்டுப் பாத்தாங்க. மொத்தமாப் பாத்தா டம்மி ஊசிக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்ல. ஆனா சிஆர்பி 5-க்கு மேல இருந்தவங்க ஓரளவு தேறினாங்க, கம்மியா இருந்தவங்களுக்கு டம்மி ஊசியே மேல்னு ஆகிடுச்சு. இன்ஃப்ளமேஷன் இல்லாதவங்களுக்கு இன்ஃப்ளமேஷன் மருந்து கொடுத்தா நஷ்டம் கூட வரலாம்னு இதுல இருந்து எடுத்துக்கலாம், இது ரொம்பப் பேர் கவனிக்காம விடுற விஷயம்.

இதெல்லாம் சின்ன ஆய்வுகள், ஏற்கனவே முடிஞ்ச ஆய்வோட டேட்டாவைத் திரும்ப எடுத்து சிஆர்பியை வச்சுப் பிரிச்சுப் பாத்தது சிலது. அதனால வழக்கமான சிகிச்சை வழிமுறைகள்ல சிஆர்பியைப் பாத்து மருந்தை எழுதுங்கன்னு இன்னும் வரல. இன்னொண்ணும் இருக்கு, இதை நான் அழுத்திச் சொல்லணும். சிஆர்பி 1-க்கு மேல இருக்கு, அதனால நார்ட்ரிப்டிலினுக்கு மாத்துங்கன்னு யாராவது டாக்டர்கிட்ட கேட்டா, அந்த வகை மருந்தைத் தற்கொலை எண்ணம் இருக்கிறவங்களுக்கு டாக்டர்கள் ரொம்ப யோசிச்சுத்தான் எழுதுவாங்க, பாதுகாப்புல அது எஸ்சிடலோப்ராம் மாதிரி கிடையாது. புப்ரோப்பியானும் வலிப்பு இருக்கிறவங்களுக்கு ஆகாது. ஆக நம்பர் ஒரு பக்கம் இழுக்கும், ஆளோட நிலைமை இன்னொரு பக்கம் இழுக்கும், அப்ப நிலைமைதான் ஜெயிக்கணும்.

ரெண்டாவது ஆப்ஷன் சைட்டோகைன் பேனல், இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-1 பீட்டான்னு ஒரு நீளமான லிஸ்ட்டா அளந்து கலர் கலரா ரிப்போர்ட் தர்றது. பாக்க பிரமாதமா இருக்கும். அறிவியலும் பொய் கிடையாது, 2010-ல டௌலாட்டி குழு 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்ததுல டிப்ரஷன் இருக்கிறவங்க ரத்தத்துல டிஎன்எஃப் ஆல்ஃபாவும் இன்டர்லூக்கின்-6-ம் கூடுதலா இருந்துச்சு. 2014-ல கந்தேக்கர் குழு இங்கிலாந்துல பிறந்ததுல இருந்து பின்தொடர்ந்துக்கிட்டு வந்த பிள்ளைகளோட டேட்டாவை எடுத்து, 9 வயசுல இன்டர்லூக்கின்-6 அதிகமா இருந்தவங்களுக்கு 18 வயசுல டிப்ரஷன் வர்ற வாய்ப்பு கூடுதல்னு காட்டினாங்க. நோய் வர்றதுக்கு முன்னாடியே அளந்தது, அதனால இது ரொம்ப முக்கியமான ஆய்வு. ஆனா கூட்டத்தைப் பத்தின உண்மை வேற, உங்க ஒருத்தர் ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் சொல்றது வேற. பத்தாம் க்ளாஸ் பசங்களோட சராசரி உயரம் ஒன்பதாம் க்ளாஸை விட அதிகம்தான், அதுக்காக ஒரு பையனை நிறுத்தி உயரத்தை மட்டும் அளந்து அவன் எந்த க்ளாஸ்னு சொல்லிட முடியுமா? இங்க நிலைமை அதேதான், ரெண்டு கூட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு அவ்வளவு படிஞ்சு கிடக்கு.

அதுக்கு மேல, இந்த நம்பரை எடுக்கிறதே சிக்கல். இன்டர்லூக்கின்-6 ஒரு நாளைக்குள்ளயே ஏறி இறங்கும், எடுத்த நேரம் மாறினா நம்பர் மாறும், வேகமா நடந்துட்டு வந்து குடுத்தா மாறும், எடுத்த ரத்தம் உடனே சுத்திப் பிரிக்காம மேஜை மேல கிடந்தா மாறும், ஒரு கம்பெனி கிட்டுக்கும் இன்னொரு கம்பெனி கிட்டுக்கும் மாறும். டிப்ரஷனுக்கு இதுக்கு மேல இருந்தா அதிகம்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட எல்லையும் கிடையாது. ஆராய்ச்சிக்கு இது தேவை, ஒரு நோயாளி சொந்தக் காசு போட்டு எடுக்கிறதுல பிரயோஜனம் இல்லன்னு நான் உறுதியாவே சொல்வேன்.

மூணாவது, ஏற்கனவே எடுத்த சிபிசி, அதாவது ரத்த அணுக்கள் எண்ணிக்கை ரிப்போர்ட்ல இருந்து நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட்ங்கிற ரெண்டு வகை வெள்ளணுக்கள்ல முதலாவதோட எண்ணிக்கையை ரெண்டாவதோட எண்ணிக்கையால வகுத்துப் பாக்கிறது, என்எல்ஆர்-னு சொல்வாங்க. தனியா செலவு இல்ல, அதுதான் இதுல இருக்கிற ஒரே நல்லது. ஸ்டீராய்டு, சாதாரண இன்ஃபெக்‌ஷன், டென்ஷன்னால ஏறுற கார்டிசால் எல்லாமே இதை அசைச்சுடும். இதை வச்சு எந்த மருந்துன்னு முடிவு பண்ண முடியாது. சிவப்பணு படியிற வேகத்தை அளக்கிற இஎஸ்ஆர் டெஸ்ட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான், ரத்த சோகை இருந்தாலே ஏறிடும்.

நாலாவதுதான் அறிவியலா ரொம்ப சுவாரஸ்யமானது, தற்கொலை பத்தின ஆராய்ச்சி பெரும்பாலும் இங்கதான் சுத்துது. மனநிலையோட சம்பந்தப்பட்ட செரட்டோனினைப் பண்ண உடம்புக்கு ட்ரிப்டோஃபான்ங்கிற அமினோ ஆசிட் வேணும். இன்ஃப்ளமேஷன் இருக்கும்போது ஐடிஓங்கிற என்சைம் முடுக்கி விடப்பட்டு ட்ரிப்டோஃபானை கைனுரெனின்ங்கிற பாதைக்குத் திருப்பிடும். அந்தப் பாதை மூளைக்குள்ள போய் ரெண்டாப் பிரியும், ஒரு பக்கம் கைனுரெனிக் ஆசிட், இது நரம்பு செல்லை அமைதிப்படுத்துற மாதிரி, இன்னொரு பக்கம் குயினோலினிக் ஆசிட், இது நரம்பு செல் மேல சிக்னலை வாங்குற என்எம்டிஏ ரிசப்டரைத் தூண்டி விடும், அளவு மீறினா நரம்பு செல்லுக்கே நஞ்சு. 2009-ல ஸ்வீடன்ல லிண்ட்க்விஸ்ட் குழு, தற்கொலை முயற்சி பண்ணிப் பிழைச்சவங்களோட முதுகுத் தண்டு நீர்ல இன்டர்லூக்கின்-6 அதிகமா இருக்கிறதைக் காட்டினாங்க. 2013-ல எர்ஹார்ட், ப்ருண்டின் குழு அதே மாதிரி ஆட்கள்ல குயினோலினிக் ஆசிட் நல்லாவே கூடியிருக்கிறதைப் பாத்தாங்க. என்எம்டிஏ ரிசப்டரை அடைக்கிற கெட்டமின்ங்கிற மயக்க மருந்து சில மணி நேரத்துலயே தற்கொலை எண்ணத்தைக் குறைக்குதுங்கிறதோட இதைச் சேர்த்து வச்சுப் பாத்தா ஒரு கதை உருவாகிற மாதிரி இருக்கு, எனக்கு இதைப் படிக்கும்போது நிஜமாவே நம்பிக்கை வருது, தற்கொலை எண்ணம் மனசோட பலவீனம் இல்ல, அதுக்கு உடம்புலயும் ஒரு அடித்தளம் இருக்கலாம்னு சொல்ல ஒரு பிடி கிடைக்குது.

ஆனா டெஸ்ட்டா? முதுகுல ஊசி போட்டு எடுக்கிற நீர்ல பாத்தது இது. ரத்தத்துல அளந்த கைனுரெனின் நம்பர் மூளைக்குள்ள நடக்கிறதை அப்படியே காட்டும்னு எடுத்துக்க முடியாது. யாராவது ரத்தத்துல கைனுரெனின் பேனல் எடுத்து தற்கொலை ரிஸ்க் சொல்றோம்னு விளம்பரம் பண்ணினா காசு குடுக்காதீங்க.

தற்கொலை விஷயத்துல மார்க்கர், அதாவது ரத்தத்துல அளக்கிற இந்த அடையாளங்கள் ஏன் கை கொடுக்காதுன்னு இன்னும் கொஞ்சம் சொல்லணும். 2015-ல ப்ளாக், மில்லர் ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணின தொகுப்பு ஆய்வுலயும் தற்கொலை எண்ணம் அல்லது முயற்சி இருந்தவங்களுக்கு இன்டர்லூக்கின்-6 போல சிலது அதிகமாத்தான் இருந்துச்சு, தொடர்பு இருக்கு. ஆனா இந்த மாதிரி ஆய்வுகள்ல நிறைய ரத்தம் முயற்சிக்கு அப்புறம் எடுத்தது, அந்த நேரத்துல உடம்புல ஆன காயம், உள்ள போன மருந்து, ஐசியூ, தூக்கமில்லாத ராத்திரிகள், இது எல்லாமே இன்ஃப்ளமேஷனை ஏத்தும். எது முன்னாடி எது பின்னாடின்னு பிரிக்கிறது கஷ்டம். அப்புறம் கணக்கு. ஒரு பேச்சுக்கு வச்சுக்கோங்க, 1000 பேர்ல 5 பேர் வரப்போற மாசங்கள்ல முயற்சி பண்ணப் போறாங்க, நம்ம கையில ஆபத்துல இருக்கிறவங்கள்ல 80 சதவீதம் பேரைப் பிடிக்கிற, இல்லாதவங்கள்ல 80 சதவீதம் பேரைச் சரியா விடுற ஒரு அருமையான டெஸ்ட் இருக்கு. அது 4 பேரைப் பிடிக்கும், ஒருத்தரைக் கோட்டை விடும், கூடவே 199 பேரை தப்பா ஆபத்துன்னு காட்டும். இப்ப இருக்கிற எந்த மார்க்கரும் அந்த 80-க்குக் கிட்டயே வராது. ரத்த மார்க்கர் மட்டும்னு இல்ல, 2017-ல ஃப்ராங்க்ளின் குழு 50 வருஷத்து ஆய்வுகள் 365-ஐ அலசிப் பாத்து, எந்த ரிஸ்க் காரணியை வச்சும் தற்கொலையை முன்கூட்டியே சொல்றது குருட்டாம்போக்குல சொல்றதை விடக் கொஞ்சம்தான் மேல்னு எழுதினாங்க.

அந்த 199 பேரை விட எனக்கு பயம் அந்தக் கோட்டை விட்ட ஒருத்தரைப் பத்திதான். ரிப்போர்ட் நார்மல்னு வந்தா வீட்ல எல்லாரும் மூச்சு விட்டுடுவாங்க, ஒண்ணும் இல்லப்பா, சும்மா யோசிக்காதன்னு சொல்லிடுவாங்க, அந்த எண்ணம் இருக்கிறவங்களும் இனிமே யார்கிட்ட சொல்றதுன்னு வாயை மூடிக்குவாங்க.

அதனால தற்கொலை ஆபத்து விஷயத்துல நான் தேர்ந்தெடுக்கிற ஆப்ஷன் எந்த லேப்லயும் இல்ல, நேராக் கேக்கிறதுதான். உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா, எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியான்னு வார்த்தையை மழுப்பாம கேக்கிறது. கேட்டா எண்ணத்தை விதைச்சிடுவோமோன்னு பயப்படுறாங்க, அப்படி ஆகிறதில்லன்னு ஆய்வுகள் காட்டியிருக்கு, நிறைய பேருக்கு யாரோ கேட்டுட்டாங்கங்கிறதே பெரிய ஆறுதல். டாக்டர் கையில குடுக்கிற பிஎச்க்யூ-9-ங்கிற டிப்ரஷன் கேள்வித்தாள்ல ஒன்பதாவது கேள்வி இதுதான், வேகமா டிக் பண்ணிட்டுப் போகாம அந்த ஒரு வரியில நின்னு உண்மையை எழுதினா எந்த சைட்டோகைனை விடவும் அது உபயோகமா இருக்கும். அதுக்கப்புறம் சேஃப்டி ப்ளான், அதாவது எண்ணம் வரும்போது முதல்ல என்ன அறிகுறி தெரியும், நானே என்ன பண்ணிப் பாப்பேன், யாருக்கு ஃபோன் பண்ணுவேன், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவேன்னு நல்லா இருக்கும்போதே உக்காந்து எழுதி வைக்கிறது. வீட்ல ஆபத்தான பொருள் எதுவும் கைக்கெட்டுற தூரத்துல இல்லாம பாத்துக்கிறது, மாத்திரைகளை வேற ஒருத்தர் பொறுப்புல வச்சு அன்னன்னைக்குக் குடுக்கிறது. ஆஸ்பத்திரியில இருந்து டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்கள் ரொம்ப கவனமா இருக்க வேண்டிய காலம், வீட்டுக்கு வந்துட்டாங்க இனி சரின்னு விட்டுடக் கூடாது.

சரி, அப்ப யார் என்ன பண்ணலாம்? இப்பதான் டிப்ரஷன்னு தெரிஞ்சு முதல் மாத்திரை ஆரம்பிச்சிருக்கீங்கன்னா இன்ஃப்ளமேஷன் டெஸ்ட் எதுவும் வேண்டாம், அந்தக் காசுல தைராய்டுக்கு டிஎஸ்எச், ஹீமோகுளோபின், பி12 பாத்துடுங்க, இதுல குறை இருந்தா சரி பண்ண நேரடியா வழி இருக்கு. ரெண்டு மருந்தைச் சரியான டோஸ்ல போதுமான வாரங்கள் சாப்பிட்டும் முன்னேற்றம் இல்லன்னா அப்ப ஹை சென்சிட்டிவிட்டி சிஆர்பி எடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட பேசலாம், ஆனா எடுக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, அதிகமா வந்தா என்ன மாத்துவீங்க, கம்மியா வந்தா என்ன மாத்துவீங்க? ரெண்டுக்கும் ஒரே பதில்னா எடுக்கவே வேண்டாம். எடுக்கிறதா இருந்தா சளி, காய்ச்சல், பல் வலி, தடுப்பூசி எதுவும் இல்லாத நேரமாப் பாத்து எடுங்க, ஒரு தடவை அதிகமா வந்தா ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை எடுத்துட்டு அப்புறம் பேசுங்க.

மூட்டு வாதம், சோரியாசிஸ், குடல் அழற்சி மாதிரி நோய் ஏற்கனவே இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது கொஞ்சம் மாறும். உங்களுக்கு டிப்ரஷன் வர்ற வாய்ப்பே மத்தவங்களை விட அதிகம், அந்த நோய் அடங்கினா மனசும் ஓரளவு தேறலாம், அதனால ரெண்டு டாக்டரும் ஒருத்தர் எழுதினதை ஒருத்தர் பாக்கிற மாதிரி பண்ணிக்கோங்க.

ரிப்போர்ட்ல அதிகம்னு பாத்துட்டு மெடிக்கல் ஷாப்ல நேராப் போய் இன்ஃப்ளமேஷன் மாத்திரை வாங்கிச் சாப்பிடுறதை மட்டும் தயவுசெஞ்சு பண்ணாதீங்க. டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரையை எஸ்சிடலோப்ராம் வகை மருந்தோட சேர்த்தா வயித்துல ரத்தக் கசிவு ஆகிற ஆபத்து கூடும், மனநிலையைச் சீராக்குற லித்தியம் மருந்து சாப்பிடுறவங்களுக்கு ரத்தத்துல லித்தியம் அளவு ஏறி விஷமாகலாம், தற்கொலையைக் குறைக்கிறதுல நல்ல பேர் வாங்கின மருந்தையே இப்படி ஆபத்தாக்கிக்க வேண்டாம். ஸ்டீராய்டு இன்னும் மோசம், அதுவே மனநிலையைப் புரட்டிப் போடும்.

உங்களுக்கோ வீட்ல இருக்கிறவங்களுக்கோ சாகணும்ங்கிற எண்ணம் இப்ப இருந்தா மேல சொன்ன டெஸ்ட் எதுக்கும் காத்திருக்காதீங்க. இன்னைக்கே நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க, பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கோ உங்க நாட்டுல இருக்கிற தற்கொலைத் தடுப்பு ஹெல்ப்லைனுக்கோ போங்க, பேசுங்க. கூட இருக்கிறவங்க அவங்களைத் தனியா விடாதீங்க. போகும்போது சாப்பிடுற மாத்திரை அட்டைகளை எடுத்துட்டுப் போங்க, எப்போல இருந்து இந்த எண்ணம், முன்னாடி எப்பவாவது முயற்சி பண்ணியிருக்காங்களான்னு ட்யூட்டி டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, அவங்க முடிவெடுக்கிறது அதை வச்சுத்தான்.